மாட்டிய தேதி

மூன்றாவது ஆணி வர மறுத்தது. குறட்டின் வாயை இன்னும் தாழ்த்திப் பிடித்து இழுத்தாள். ஆணி வந்தது, கூடவே மரத்தில் ஒரு சிம்பும் வந்தது. மேஜைமேல் குப்புறக் கிடந்த சட்டத்தின் பின்னட்டையை நெம்பி எடுத்தாள். உள்ளே இருந்த படங்களைக் கொத்தாக உருவி, சீட்டுக் கட்டைப் பிரிப்பதுபோல் விரித்தாள். நெட்டையர். வக்கீல். டாக்டர். மறுபடியும் டாக்டர், வேறு சட்டையில். நேற்றோடு போன பொறியாளர். அவ்வளவுதான்.

"புதுசை முன்னால வெச்சு மூடினா முடிஞ்சுது. எதுக்கு அடிவரைக்கும் தோண்டறீங்க?" தட்டச்சுப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"பூச்சி அரிச்சிருக்கான்னு பாக்கறேன்."

"அரிக்காம இருக்குமா? அத்தனை பேர் உட்கார்ந்து எழுந்த இடம்."

புது முதல்வரைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாள், மற்றவர்களை அவர் முதுகில் அடுக்கினாள், அட்டையை மூடி ஆணி அடித்தாள். ஒன்று கட்டைவிரலில் விழுந்தது. காலையிலிருந்து இது எட்டாவது சட்டம். இன்னும் இருபத்து மூன்று இருந்தன. டீ ஆறிப்போய் மேலே ஏடு கட்டியிருந்தது. அதை ஜன்னல் விளிம்பில் நகர்த்திவிட்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

முந்தின நாள் மாலை புது முதல்வர் பதவியேற்றிருந்தார். காலை முதல் பேருந்திலேயே படங்கள் கட்டாக வந்துவிட்டன. அலுவலகத்தில் முப்பத்தொரு அறை, முப்பத்தொரு சட்டம். ஸ்டோர் அவள் பொறுப்பு, படம் மாற்றுவதும் அவள் பொறுப்பு. சட்டங்கள் தேவைக்கு மேல் ஆழமானவை. யாரோ ஒரு தச்சன் ஓவியத்துக்கென்று நினைத்துச் செய்துவிட்டான், வந்ததோ காகிதப் படம். ஒற்றைப் படத்தை வைத்தால் சரிந்து மூலையில் குந்திக்கொள்ளும். அதனால் பழையவர்களை எடுக்காமல் அவர்களுக்கு முன்னால் புதியவரை வைத்து மூடுவது வழக்கமாகிவிட்டது. பழைய படங்களைக் கிழிக்கக் கூடாது, திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி இருந்தது. எந்த முகவரிக்கு என்று விதியில் இல்லை. 'சட்டம் மாறாது, உள்ள இருக்கிற ஆளுதான் மாறுவாரு' என்பது அந்த அலுவலகத்தின் பழைய நகைச்சுவை. ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது ஒருவர் அதைப் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் சொல்வார்.

அவளுக்கு வருடங்கள் நினைவில் நிற்பதில்லை, முதல்வர்கள் நிற்பார்கள். வேலைக்குச் சேர்ந்தது கட்டைமீசையின் கடைசி மாதத்தில். அவர் படம் முட்டை வடிவத்தில் வந்தது, நாலு மூலையிலும் வெள்ளை. கல்யாணம் நெட்டையர் காலத்தில். படத்தில் அவருக்கு உச்சந்தலை கிடையாது, அச்சுக்கூடத்திலேயே வெட்டிவிட்டார்கள். மகள் பிறந்தது வக்கீலின் முதல் தடவையில், பள்ளியில் சேர்ந்தது அவரது இரண்டாம் தடவையில். வக்கீல் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் அதே பழைய படத்தையே அச்சடித்து அனுப்பினார். டாக்டர் அப்படியில்லை. ஒரே ஆட்சியில் மூன்று படம், ஒவ்வொன்றிலும் தலைமுடி முந்தியதைவிடக் கறுப்பு. அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். "மக வயசு என்னன்னு இவகிட்டக் கேட்டா மூணு வக்கீல், ஒரு டாக்டர், ஒரு இன்ஜினியர்னு கணக்குச் சொல்லுவா" என்பார் வருகிறவர்களிடம்.

இந்தக் கணக்கில் சேராத ஒருவர் உண்டு. வக்கீலின் முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் நடுவில், ஆறே நாள் முதல்வராக இருந்தவர்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் வக்கீலின் கட்சி இரண்டாக உடைந்து, உடைந்த பாதியிலிருந்து அவர் பதினான்காம் தேதி பதவியேற்றார். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் காய்ச்சல் வந்தது. மேல் அலுவலர் மூன்று நாள் விடுப்பு, அப்புறம் இன்னும் மூன்று நாள். அவருடைய அறையில் இளநிலை உதவியாளராக இவள்தான் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம், வீட்டில் கைக்குழந்தை. பதினேழாம் தேதி காலை ஐந்து படங்களும் ஒரு தாளும் வந்தன. 'புதிய முதல்வரின் படம் அனைத்து அலுவலகங்களிலும் உடனடியாக மாட்டப்பட வேண்டும்' என்றது தாள். மற்ற ஊர்களில் அதைப் படித்தவர்கள் மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டு, பெரும்பான்மை ஓட்டெடுப்புக்காகக் காத்திருந்தார்கள். இவளுக்கு உடனடியாக என்றால் உடனடியாகத்தான். முக்காலியில் ஏறி, அலுவலரின் நாற்காலிக்கு நேர் மேலே இருந்த சட்டத்தை இறக்கி, வக்கீலுக்கு முன்னால் புதியவரை வைத்து, பத்தரை மணிக்குள் மாட்டிவிட்டாள். மீதி நாலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தாள்.

பத்தொன்பதாம் தேதி அவர் ஓட்டெடுப்பில் தோற்றார். இருபதாம் தேதி வக்கீல் மறுபடியும் முதல்வர். மாட்டச் சொல்லித் தாள் வந்ததுபோல் கழற்றச் சொல்லி ஒன்றும் வராததால் படம் சுவரிலேயே இருந்தது. இருபத்தோராம் தேதி, காய்ச்சல் தெளிந்து அலுவலர் வந்து உட்கார்ந்த அரைமணி நேரத்தில், வக்கீல் கட்சி ஆள் ஒருவர் கை குலுக்க வந்தார். வந்தவர் அலுவலரின் தலைக்கு மேலே பார்த்தார்.

புகார் போனது. விசாரணை வந்தது. விசாரணைக்கு முந்தின மாலை அலுவலர் அவளைக் கூப்பிட்டு, தானே எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். 'அலுவலர் அறையில் அப்படம் ஒருநாளும் மாட்டப்படவில்லை. வந்தவர் கண்டது வேறு படமாக இருக்கலாம்.' அவள் கையெழுத்துப் போட்டாள். அவர் மேலொப்பம் போட்டார். மீதி நாலு படங்களை அவரே அடுப்பில் போட்டார். மாட்டியதைக் கிழித்து எறியச் சொன்னார். கிழித்துவிட்டேன் என்றாள். கிழிக்கக் கூடாது என்று விதி இருந்ததால் கிழிக்கவில்லை. வக்கீலை முன்னால் வைத்து, ஆறு நாள் முதல்வரை அவர் முதுகுப் பக்கம் தள்ளி, மூடிவிட்டாள்.

விசாரணையில் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் அவளை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அங்கே போனவர்கள் திரும்பியதில்லை. அதோடு 'உடனடி' என்று பெயரும் வந்தது. முதலில் 'உடனடி', பிறகு 'உடனடி அக்கா'. புதிதாக வருகிறவர்களுக்குக் காரணம் தெரியாது. வெந்நீர் ஊற்றினால் தயாராகும் காப்பிப் பொட்டலத்தோடு சேர்த்துச் சிரிப்பார்கள். படம் மாற்றும் வேலையும் அவளிடமே வந்து சேர்ந்தது. "நீதான் இதுல கெட்டிக்காரியாச்சே" என்றார் அலுவலர். ஒரு தடவை எல்லா அறைக்கும் சுண்ணாம்பு அடித்தபோது சட்டங்களை முற்றத்தில் குவித்துவிட்டு, கைக்குக் கிடைத்ததைக் கிடைத்த அறையில் மாட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தச் சட்டத்துக்குள் இருக்கிறார் என்று அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் முயன்றதும் இல்லை. ஒவ்வொரு ஆட்சி மாற்றத்துக்கும் கொத்தைப் பிரிக்காமலே தூக்கி, பிரிக்காமலே வைத்தாள்.

பத்து நாள் முன்னால் சுற்றறிக்கை வந்தது. சட்டசபை நடைகூடத்தில் முதல்வர்கள் வரிசையைப் புதுப்பிக்கிறார்கள். அதில் ஆறு நாள் முதல்வரின் சட்டம் மட்டும் பெயரோடு காலியாக இருக்கிறது. அச்சுக்கூடத்தில் மூலப்படம் இல்லை, வக்கீல் திரும்பி வந்த வாரமே அழித்துவிட்டார்கள். பத்திரிகைப் படங்களில் ஆறு நாள்காரர் யாருடைய தோளுக்குப் பின்னாலோ நிற்கிறார். எந்த அலுவலகத்திலாவது படம் இருந்தால் அனுப்பவும், இல்லையென்றால் இன்மை அறிக்கை அனுப்பவும். கடைசி நாள், இன்று. கண்காணிப்பாளர் இன்மை அறிக்கையைத் தட்டச்சு செய்து மேஜைமேல் வைத்துவிட்டார், ஐந்து மணித் தபாலுக்குக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு ஓய்வு பெற இன்னும் நாலு மாதம் இருந்தது. மகள் இருக்கும் ஊரில், மகள் தெருவிலேயே ஒரு வீடு பேசி வைத்திருந்தார்கள். நாலு மாதத்தில் பணிப் பதிவேட்டை முதல் தாளிலிருந்து புரட்டுவார்கள். ஏதாவது நிலுவையில் இருந்தால் கோப்பு நகராது. இன்மை அறிக்கை போய்விட்டால் ஒரு தொல்லையும் இல்லை. பத்து நாளாக இதையே தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள், காலையில் படக்கட்டைப் பிரித்ததும் முதல் சட்டத்தைக் கடைசித் தாள்வரை விரித்துப் பார்த்துவிட்டாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை.

பன்னிரண்டு மணிக்குள் இருபத்தாறு ஆயிற்று. கணக்குப் பிரிவில் கட்டைமீசையைக் கரையான் பாதி தின்றிருந்தது. கூட்ட அறையில் ஒருவருமே இல்லை, பின்னால் திணித்திருந்தது பழைய நாட்காட்டி. கண்காணிப்பாளர் இரண்டு தடவை நடைபாதையில் வந்து பார்த்தார்.

"என்னக்கா, ஒரு படத்துக்குப் பத்து நிமிஷமா? அந்த ஆட்சியே முடிஞ்சுடும்போல."

"ஆணி துருப்பிடிச்சிருக்கு சார்."

மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தாள். கண் வலித்தது. கணவருக்குப் போன் செய்து எடுத்துவரச் சொல்லிவிட்டு, முக்காலியோடு வண்டிக் கொட்டகைக்குப் போனாள். அங்கே ஓட்டுநர்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு.

அதில் இன்னும் வக்கீல்தான் இருந்தார். டாக்டர் வந்து போனதும், பொறியாளர் வந்து போனதும் அந்த அறைக்குத் தெரியவில்லை. அவள் வரும்போதெல்லாம் அறை பூட்டியிருக்கும்.

"இவர் ஆட்சிதான் நடக்குதுன்னு நாங்க நினைச்சிட்டிருந்தோம் உடனடி அக்கா" என்றார் கட்டிலில் சாய்ந்திருந்த ஓட்டுநர். "அதான் ரோடெல்லாம் அப்படியே இருக்கு."

"எந்திரிங்க. கட்டில்மேல வெச்சுத்தான் பிரிக்கணும்."

ஓட்டுநர் எழுந்து டீ குடிக்கப் போனார். ஆணிகள் கையாலேயே வந்தன. பின்னட்டையை எடுத்து விரித்தாள். கட்டைமீசை, நெட்டையர், வக்கீல். அடுத்த தாளில் அவர் இருந்தார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க மனிதர். சட்டையின் மேல் பொத்தானைத் தப்பான காஜாவில் போட்டிருந்தார், கழுத்துப்பட்டையின் ஒரு பக்கம் உயர்ந்து நின்றது. படமெடுத்தவர் சொல்லியிருக்கலாம். சொல்ல நேரமில்லாமல் இருந்திருக்கலாம். பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்ப்பவர்போல் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருந்தார். படத்தின்மேல் பெயர் இல்லை. அவசரத்தில் அச்சடித்தது.

திருப்பினாள். பின்பக்கம் மங்கலாக ஏதோ தெரிந்தது. என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் படிக்க முடியவில்லை.

கணவர் சைக்கிளைக் கொட்டகைத் தூணில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். "கண்ணாடிய மறந்தவ ஆளை மறக்காம போன் போட்டியே" என்று கூட்டைத் திறந்து நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். "கிடைச்சிடுச்சா?"

கண்ணாடியைப் போட்டாள். கோப்போ படமோ, எதை எங்கே வைத்தாலும் பின்னால் தேதியும் சுருக்கொப்பமும் போடுவது சேர்ந்த நாளிலிருந்து அவள் பழக்கம். நீல மை தாளுக்குள் ஊறியிருந்தது. 'மாட்டியது: 17, காலை 10.30, அலுவலர் அறை.' கீழே வருடம், அதற்குக் கீழே அவளுடைய சுருக்கொப்பம். பக்கத்தில் அலுவலக முத்திரை.

"பிசாசு மாதிரி நேரம் வேற போட்டு வெச்சிருக்க" என்றார் கணவர்.

"வெச்சிருக்கேன்."

"அதுக்கு என்ன? பழுப்புத் தாளை வெட்டிப் பின்னாடி ஒட்டிரு. படம் போகட்டும், எழுத்து அடியில கிடக்கட்டும். எங்கயோ குப்பையில கிடைச்சுதுன்னு சொல்லு."

அவள் இடுப்பில் செருகியிருந்த சுற்றறிக்கையின் நகலை எடுத்து மூன்றாவது பத்தியைக் காட்டினாள். அவர் தூரத்தில் பிடித்துப் படித்தார். ஏற்கெனவே மூன்று அலுவலகங்களிலிருந்து தவறான படங்கள் வந்துவிட்டனவாம், ஒன்று யாரோ பல் மருத்துவர். எனவே பின்புறக் குறிப்பும் முத்திரையும் உள்ள படம் மட்டுமே ஏற்கப்படும்.

"பேர் இல்ல பாருங்க" என்றாள். "பின்னாடி இருக்கிற தேதி ஒண்ணுதான், இவர் அவர்தான்னு சொல்லுது. அதை மறைச்சா இவரும் பல் டாக்டர்தான்."

கணவர் தலையைச் சொறிந்தார். "ஒரு ஸ்டாப் போனாலும் பயணி பயணிதான். ஏறவே இல்லைன்னு சொல்ல முடியாது." கண்ணாடிக் கூட்டை மூடிச் சட்டைப்பையில் போட்டார். "மககிட்ட வீட்டு ஓனர் நேத்தும் கேட்டிருக்கார், எப்ப வர்றாங்கன்னு."

"தெரியும்."

"நான் எதுவும் சொல்லல. சும்மா போற ஓணானை மடியில எடுத்து விட்டுக்கறியான்னு மட்டும் யோசிச்சுக்க."

சாப்பாட்டு வேளையில் அவள் சாப்பிடவில்லை. படத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த பழைய அலுவலரின் வீட்டுக்கு நடந்தாள். மேலொப்பம் அவருடையது. சொல்லாமல் செய்வது சரியில்லை என்று நினைத்தாள். அவர் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடலாம் என்றும் நினைத்தாள்.

எழுபத்தெட்டு வயதில் அவர் மொட்டை மாடிக்குப் போகும் நீள நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். மருத்துவர் சொல்லியிருக்கிறார், வேளைக்கு ஆயிரம் அடி.

"நிக்க மாட்டேன். கூடவே நடந்து பேசு. இருநூத்திப் பத்து. என்ன விஷயம்?"

அவளும் நடந்தாள். சொல்லி முடிக்க மூன்று திருப்பம் ஆயிற்று.

"கிழிச்சேன்னு சொன்னியே."

"கிழிக்கல ஐயா."

"என்கிட்டயே பொய்யா? இருநூத்தி அறுபது. சரி, இப்பக் கிழிச்சிரு. இல்லைன்னு போகட்டும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாச்சு, இருபத்தெட்டு வருஷமா யாரும் பிசைஞ்சு பாக்கல. நீ எதுக்குத் தோண்டற?"

"அவர் இடம் காலியா இருக்குங்கய்யா."

"இருந்தா? அந்த ஆளு ஆறு நாள்ல என்ன பண்ணினான்? ஒரு கோப்புல கையெழுத்துப் போட்டானா? ஆறிலும் சாவு நூறிலும் சாவும்பாங்க, அவன் ஆறுல போயிட்டான், வக்கீல் நூறு வரைக்கும் இருந்தாரு. அவ்வளவுதான் வரலாறு. முன்னூறு. நான் நிம்மதியா நடந்துக்கிட்டிருக்கேன். என் தலையில கல்லைப் போடாத." கோடியில் திரும்பியவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "அப்பவே பேர் வெச்சேன் பாரு, உடனடின்னு. சரியாத்தான் வெச்சிருக்கேன்."

அவள் நின்றுவிட்டாள். அவர் நாலு அடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பேரை வெச்சது நீங்களா?"

"பின்ன வேற யாரு? ஊரெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கும்போது, நீதானே முக்காலி போட்டு ஏறின."

"மாட்டவே இல்லைன்னு எழுத வெச்சதும் நீங்க. மாட்டினதுக்குப் பேர் வெச்சதும் நீங்க."

"ஏய், அது விளையாட்டு" என்றார். அடிகளின் கணக்கு விட்டுப்போனது அவர் முகத்தில் தெரிந்தது. "எத்தனை சொன்னேன்? முன்னூத்தி?"

அவள் படி இறங்கினாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியவள் உடனே கண்காணிப்பாளர் அறைக்குப் போகவில்லை. ஸ்டோருக்குப் போனாள். ஆணிகளை டப்பாவில் கொட்டினாள், எடுத்தாள், அளவுவாரியாகப் பிரித்தாள். தண்ணீர் குடித்தாள். பழுப்புத் தாளில் படத்தின் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிப் பார்த்தாள். கச்சிதமாகத்தான் இருந்தது. அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு அடியில் கொடுத்தாள். கடிகாரம் நாலு ஐம்பது காட்டியது. போனாள்.

கண்காணிப்பாளர் கையில் இருந்த பேனாவின் மூடி கழன்றிருந்தது. இன்மை அறிக்கை எதிரே கிடந்தது.

"சார், அதுல கையெழுத்துப் போடாதீங்க."

உறையிலிருந்து எடுத்து, அறிக்கைமேல் வைத்தாள்.

"யாரு இது?"

"ஆறு நாள்."

அவர் படத்தைத் தொடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "அக்கா, எனக்குச் சின்னப் பிள்ளைங்க ரெண்டு இருக்கு."

"பின்பக்கம் பாருங்க சார்."

விரல் நுனியால் திருப்பினார். படித்தார். இன்னொரு தடவை படித்தார். "இந்தச் சுருக்கொப்பம்?"

"என்னோடது. மாட்டவே இல்லைன்னு என் பதிவேட்டுல ஒரு வாக்குமூலம் இருக்கும். அது பொய்."

"இதனாலதான் உங்களை உடனடின்னு கூப்பிடறாங்களா? நீங்க மெதுவா வேலை செய்யறீங்கன்னு கிண்டலுக்கு வெச்சதுன்னு நினைச்சேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நாலு மாசம்தான் இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"பொய் வாக்குமூலம்னா சும்மா விடமாட்டாங்க. உங்க கோப்பு அப்படியே நிக்கும். ஒரு வருஷமோ, ரெண்டு வருஷமோ."

"தெரியும்."

"நான் அஞ்சு நிமிஷம் வெளியே போறேன். திரும்பி வரும்போது மேஜைமேல என்ன இருக்கோ அதுல கையெழுத்துப் போடறேன்." எழுந்தார். கதவுவரை போனார். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எதுக்குக்கா இதெல்லாம்? அந்த மனுஷன் உங்களுக்குச் சொந்தமா?"

வழியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தாள். வரலாறு என்றோ நியாயம் என்றோ அதில் ஒரு பெரிய வார்த்தை இருந்தது. அது இப்போது வாயில் வரவில்லை.

"மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன். நான் தப்பா எதுவும் மாட்டல சார்."

கண்காணிப்பாளர் இன்மை அறிக்கையைப் படத்துக்கு அடியிலிருந்து உருவி, குறுக்கே ஒரு கோடு போட்டார். வெள்ளைத் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். "நீங்களே எழுதுங்க. நான் எழுதி நீங்க கையெழுத்துப் போட வேண்டாம்."

அவள் நின்றுகொண்டே எழுதினாள். நாலு வரி. அவர் உட்காரச் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. ஐந்து மணித் தபால் அதற்குள் போய்விட்டிருந்தது.

மறுநாள் பத்தேகாலுக்குப் படம் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டப்பட்டு, ஒருநாள் தாமதத்துக்கான குறிப்போடு பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டது. பின்பக்கக் குறிப்பின் நகல் ஒன்று கோப்பில் சேர்ந்தது. மீதி இருந்த அறைகளில் அவள் புது முதல்வரின் படத்தை மாட்டினாள். ஓட்டுநர்கள் அறையில் கண்ணாடி கீறியிருந்ததால் புதுக் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தாள். பழைய அலுவலர் இரண்டு தடவை போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. கணவர் மகளோடு பேசி, வீட்டுச் சொந்தக்காரரிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு, வாக்குமூலத்துக்கும் குறிப்புக்கும் உள்ள முரண்பாட்டுக்குப் பதினைந்து நாளுக்குள் விளக்கம் தரக் கோரும் கடிதம் அவளிடம் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் நேரமும் எழுதினாள். பிறகு ஸ்டோரில் துடைப்பம் இருப்பு சரிபார்த்தாள், இரண்டு குறைந்தது. ஐந்தே முக்காலுக்குப் பூட்டினாள். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது.